புதுப்பிப்பு: விளக்கடியில் நிறம் மாறிய பெரோவ்ஸ்கைட் படலம்

போன வாரம் கேட்டிருந்தேன்: அயோடைடும் புரோமைடும் பாதிக்குப் பாதி கலந்த மெத்தில் அம்மோனியம் பெரோவ்ஸ்கைட் (சூரிய மின்கலங்களில் ஒளியை உறிஞ்சப் பயன்படும் படிகப் பொருள்) படலம், விளக்கடியில் வைத்த சில நிமிடங்களில் சிவப்பாக ஒளிர்கிறதே, கெட்டுப்போச்சா என்று. கெடவில்லை!

விளக்கை அணைத்து ராத்திரி முழுக்க இருட்டில் விட்டேன். காலையில் ஒளிர்வு உச்சி (ஒளிர்வு மிகுந்திருக்கும் அலைநீளம்) பழைய இடத்துக்கே வந்திருந்தது. நீங்கள் சிலர் சொன்னபடி இது ஹோக் விளைவுதான். 2015-இல் வெளியான கண்டுபிடிப்பு. வெளிச்சம் பட்டால் அயோடைடு அயனிகள் நகர்ந்து ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் சேர்கின்றன. அங்கே ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) குறைவு என்பதால் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்கள்) அந்தப் பள்ளங்களில் போய் விழுகின்றன. திட்டுகள் கொஞ்சம்தான், ஆனால் ஒளிர்வை அவையே தீர்மானிக்கின்றன. மின்கலத்தின் மின்னழுத்தமும் அங்கேதான் அடிவாங்குகிறது.

இன்னொரு படலத்தின் ஓரத்தில் நகக்கீற்று அளவுக்கு மஞ்சள். அது இருட்டிலும் மாறவில்லை. ஈய அயோடைடு, சந்தேகமே இல்லை. காற்றுப் படாமல் படலத்தை மூடிய பசையில் இடைவெளி விட்டது என் தப்பு. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால் சூப்பராக்சைடு (எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் அயனி) உண்டாகி மெத்தில் அம்மோனியத்தைத் தின்றுவிடும்; மிஞ்சுவது ஈய அயோடைடு.

அடுத்து, மெத்தில் அம்மோனியத்துக்குப் பதில் சீசியம்-ஃபார்மமிடினியம் கலவை, புரோமைடு 20 சதவீதத்துக்குள். படலம் போட்டாச்சு, இன்னும் விளக்கடியில் வைக்கவில்லை.