புதுப்பிப்பு: மகள் 4 அடி எடுத்துவைத்தாள்

மகள் 14 மாதமாகியும் தவழாமல், இருந்தபடியே அரக்கி அரக்கி நகர்கிறாள் என்றும், எங்கள் ஊரான கல்லடியில் அயலவர்கள் ஆளுக்கொன்று சொல்வதால் கலங்கிப்போயிருக்கிறேன் என்றும் சென்ற முறை எழுதியிருந்தேன். நேற்று முன்தினம் மாலை, அம்மம்மாவின் சேலைத் தலைப்பை விட்டுவிட்டு, இரு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கியபடி, விறாந்தையில் விரித்திருந்த பாய்வரை 4 அடி எடுத்துவைத்து நடந்தாள். பாயின் விளிம்பில் பெருவிரல் தட்டியதும் இருந்துவிட்டு, தானே கைகொட்டினாள். அன்று அவளுக்கு 15 மாதமும் 9 நாளும்.

இதற்கிடையில் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்டேன். மகள் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றதும் உரிய காலத்தில்தான் என்பதை அவளுடைய கிளினிக் கொப்பியில் பார்த்துவிட்டு, 18 மாதத்திலும் நடக்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுவோம் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், நலமான பிள்ளைகள் தனியே நடக்கத் தொடங்கும் காலம் 8.2 முதல் 17.6 மாதம் வரை விரிகிறது. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாத பிள்ளைகளும் அதில் 4.3 வீதம் இருந்தார்கள். இதை முன்பே அறிந்திருந்தால் அத்தனை இரவுகள் உறக்கம் கெட்டிருக்காது.

முதற் பல் முளைத்த நாளைக் குறிக்கத் தவறியது இன்னும் மனத்தை உறுத்துகிறது. ஆகவே இப்போது கலண்டரிலேயே அன்றன்று எழுதிவிடுகிறேன். நேற்றைய கட்டத்தில், “தண்ணியை ‘அண்ணி’ என்று கேட்டாள்” என்றிருக்கிறது.