மறைப்பதற்கும் ஓர் உத்தரவு வேண்டும்: காவல்துறையிடம் தகவல் கேட்பது பற்றிய அனுபவப் பகிர்வு

மனுக்காரன்:
காவல்துறைக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டால் பெரும்பாலும் ஒற்றை வரியில் பதில் வரும்: "8(1)(எச்) பிரிவின்படி தகவல் வழங்க இயலாது." மேலே இருப்பவர்கள் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்ற எண்ணம் மக்களுக்கு வருவதற்கு இந்த ஒரு வரியே போதும். சட்டத்தைப் படித்தால் அந்த வரி நிற்காது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குக் கொடுப்பது, புலனாய்வுக்கோ கைதுக்கோ வழக்கு நடத்துவதற்கோ இடையூறு செய்யக்கூடிய தகவலுக்கு மட்டும்தான். விசாரணை நிலுவையில் இருப்பது மட்டுமே காரணமாகாது, இடையூறு எப்படி வரும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என 2007 டிசம்பரில் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் மேல்முறையீட்டில் இதை எடுத்து எழுதுங்கள். கூடவே 10ஆம் பிரிவையும் சேருங்கள்: ஒரு பக்கத்தில் இரண்டு வரி ரகசியம் என்றால் அந்த இரண்டு வரியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும்.

பழைய ரைட்டர்:
மனு தோற்பதற்குப் பாதிக் காரணம் கேட்கும் விதம். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால், விளக்கம் தர சட்டத்தில் இடமில்லை என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். கேள்வியை விட்டுவிட்டுக் காகிதத்தைக் கேளுங்கள். புகார் கொடுத்ததும் நிலையத்தில் தரும் ரசீதுதான் சி.எஸ்.ஆர். "சி.எஸ்.ஆர். எண் இன்னது, அதன் மீது இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பதிவான விசாரணை அறிக்கை, மேலதிகாரிக்கு அனுப்பிய கடிதம், மனுவை முடித்துவைத்த உத்தரவு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்" என்று எழுதுங்கள். நிலையத்தில் இருக்கும் பேரேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் கொஞ்சம் கை நடுங்கும்.

இன்னொன்று. சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 173(3)இன்படி வழக்குப் பதியாமல் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்தான். ஆனால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு, 14 நாளுக்குள். ஆகவே அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். அனுமதியே வாங்காமல் இழுத்தடித்திருந்தால் பதிலிலேயே தெரிந்துவிடும். அந்தப் பதிலை இணைத்து 173(4)இன் கீழ் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட், அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு 175(3)இல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வாய்தா:
ரைட்டர் அண்ணன் சொன்னதுதான் சூட்சுமம். மறைப்பதற்கும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏற்ற வேண்டாம் என்ற முடிவையும் டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் எடுக்க முடியாது. தளத்தில் எஃப்.ஐ.ஆர். இல்லையா? அந்த முடிவின் நகலைக் கேளுங்கள்.

சிசிடிவிக்கும் இதே வழிதான், ஆனால் வேகம் வேண்டும். 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி நுழைவாயில், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, நிலையத்தின் பின்புறம் எல்லாவற்றிலும் கேமரா வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது 1 ஆண்டு. இதை நம்பி உட்கார்ந்திருந்தால் "மேலெழுதப்பட்டுவிட்டது" என்ற பதில் வரும். முதல் வேலையாக, பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம் குறித்து நிலைய அதிகாரிக்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். ஆர்.டி.ஐ. அதற்குப் பிறகு. "கேமரா பழுது" என்றால், பழுதை மாவட்ட மேற்பார்வைக் குழுவுக்கு நிலைய அதிகாரி தெரிவித்த கடிதத்தைக் கேளுங்கள். தெரிவிப்பது அவர் கடமை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சம்பவம் நடந்த அன்று மட்டும் பழுதான கேமராவுக்கு அந்தக் கடிதம் இருக்காது!

புதியவன்:
அண்ணே, உளவுப் பிரிவு, லஞ்ச ஒழிப்புத் துறை என்றால் சட்டமே பொருந்தாது என்கிறார்களே?

மனுக்காரன்:
தகவல் உரிமைச் சட்டத்தின் 24(4)இன் கீழ் மாநில அரசு சில அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கலாம். தமிழ்நாட்டில் 2008இல் லஞ்ச ஒழிப்புத் துறையையும் அதில் சேர்த்தார்கள். லஞ்சத்தை விசாரிக்கும் துறைக்கே விலக்கு என்பது எனக்கு இன்றும் செரிக்காத விஷயம். ஆனாலும் அதே பிரிவிலேயே, ஊழல் குற்றச்சாட்டும் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டும் விலக்கில் வராது என்று இருக்கிறது. மனித உரிமை மீறல் என்றால் மாநிலத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும். மனுவின் முதல் பத்தியிலேயே "இது மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு தொடர்பானது" என்று எழுதிவிடுங்கள். 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டத்தைக் காட்டினால் 22ஆம் பிரிவைக் காட்டுங்கள். முரண்படும் இடத்தில் தகவல் உரிமைச் சட்டம்தான் மேலோங்கும்.

வாய்தா:
உயரதிகாரிகள் பற்றி இரண்டு வார்த்தை. ஒருவர் பெயரைச் சொல்லி அவருடைய மெமோ, துறை நடவடிக்கை எல்லாம் கேட்டால் கிடைக்காது. 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தனிப்பட்ட தகவல் என்றது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலுக்கு விலக்குத் தரும் 8(1)(ஜே)யில் இருந்த பொதுநலன் வாசகத்தையும் எடுத்துவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) மட்டும் மிச்சம். அதனால் எண்ணிக்கை கேளுங்கள்: இந்த மாவட்டத்தில், இந்த ஆண்டில், எத்தனை சார்ஜ் மெமோ, எத்தனை பணியிடை நீக்கம், எத்தனை கைவிடப்பட்டன.

டி.ஜி.பி. நியமனம் வேறு மாதிரி. உச்ச நீதிமன்றத்தின் 2006 பிரகாஷ் சிங் தீர்ப்பின்படி யு.பி.எஸ்.சி. தரும் 3 பேர் பட்டியலிலிருந்துதான் தேர்வு, குறைந்தது 2 ஆண்டு பதவி. பொறுப்பு டி.ஜி.பி. என்ற ஏற்பாடே கூடாது என்று 2018 ஜூலையில் சொன்னார்கள். பெயர்ப் பட்டியல் அனுப்பிய தேதி, யு.பி.எஸ்.சி. பதில், நியமன அரசாணை ஆகியவற்றை உள்துறையிடம் கேளுங்கள், டி.ஜி.பி. அலுவலகத்திடம் அல்ல.

பழைய ரைட்டர்:
கெடு தவறினால் எல்லாம் வீண். மனுவுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிலுக்கு 30 நாள். உயிர், சுதந்திரம் சார்ந்தது என்றால் 48 மணி நேரம். யாரையாவது காவலில் வைத்திருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பதில் வந்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளில் இரண்டாவது. ஆணையம் முடிவெடுக்கச் சட்டத்தில் கெடு இல்லை, நீண்ட நாள் காத்திருக்க வேண்டும். 18ஆம் பிரிவில் புகார் மட்டும் அனுப்பாதீர்கள். அதில் அபராதம் கிடைக்கலாம், தகவல் கிடைக்காது. தகவல் வேண்டுமென்றால் 19(3)இன் கீழ் இரண்டாவது மேல்முறையீடு. அபராதம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. அதையும் மேல்முறையீட்டு மனுவின் வேண்டுகோளில் சேர்த்துக் கேளுங்கள். தபால் சேர்ந்ததற்கான சான்று வந்ததும் மனு நகலின் பின்னாலேயே ஒட்டிவிடுங்கள். ஆணையத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.