ஜப்பானில் 11 இரவு, 7 ஊர், கூடவே அம்மா: இது நடக்குமா?

மலைக்கோட்டை:
வரும் ஏப்ரலில் முதன்முறையாக ஜப்பான் போகிறோம். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு 66 வயது, சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மூட்டு வலி கொஞ்சம் உண்டு, ஆனால் நடப்பார். போட்டு வைத்திருக்கும் திட்டம்: டோக்கியோ 3 இரவு, ஹகோனே 1, தகயாமா 1, கனசாவா 1, கியோட்டோ 2, ஹிரோஷிமா 1, ஒசாகா 2. ரயிலில் இஷ்டம்போல் ஏறி இறங்க விடும் ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் வாங்கி ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலிலேயே சுற்றிவிடலாம் என்று கணக்கு. இரண்டு கேள்விகள். இது அதிகமா? அப்புறம், சின்ன எலக்ட்ரிக் குக்கர் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் அம்மாவின் சாப்பாட்டுப் பிரச்சினை தீருமா?

ஊர்சுற்றி:
அதிகமே இல்லை பாஸ், தாராளமாகப் போகலாம். விசா, விமான டிக்கெட் என்று லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு அங்கே போய் ஒரே ஊரில் உட்கார்ந்து காபி குடிப்பதற்கு நாம் என்ன ஐரோப்பியப் பென்ஷன்தாரர்களா? நம்மில் பாதிப் பேர் ஜப்பானுக்கு வாழ்க்கையில் ஒரு தடவைதான் போவோம். ரயில் நிமிடம் தவறாமல் வரும், டோக்கியோவில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோ. அப்படிப்பட்ட ரயிலை வைத்துக்கொண்டு ஊர்களைக் குறைப்பதில் அர்த்தமே இல்லை.

நிஷிகசாய்வாசி:
நான் டோக்கியோவில்தான் இருக்கிறேன், விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அலைவது இங்கே எனக்குப் பாதி வேலை. ரயில் இரண்டேகால் மணி என்பது சரிதான், ஆனால் ரயிலில் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பின்னாலும் உள்ள நேரத்தை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. ஹோட்டலில் காலை பத்து, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். நடுவில் பெட்டியோடு டோக்கியோ ஸ்டேஷனில் மூட்டு வலிக்காரரை நடக்க வைத்துப் பாருங்கள், ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் பக்கத்து ஊருக்கே போய்விட்ட மாதிரி இருக்கும். உங்கள் திட்டப்படி ஆறு தடவை ஊர் மாறுகிறீர்கள். பதினொரு இரவில் ஆறு பகல் இப்படியே போகும்.

தகயாமாவில் ஏப்ரல் 14, 15 தேதிகளில் சன்னோ திருவிழா. உங்கள் தேதி அதை ஒட்டி வந்தால் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில்பைத்தியம்:
ஊர் எத்தனை என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பாஸை விடுங்கள். 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் ஒரே அடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ - கியோட்டோ ஒரு வழி சுமார் 14,000 யென். போய்வந்தாலே பழைய பாஸ் காசு கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிடும், அதனால்தான் பழைய வீடியோக்களில் எல்லோரும் "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார்கள். இப்போது டோக்கியோ - கியோட்டோ - ஹிரோஷிமா - டோக்கியோ என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றினாலும் தனித்தனி டிக்கெட் சுமார் 45,000 தான் வரும். மேலும் நொசொமி என்கிற வேகமான வண்டியில் ஏற பாஸ் இருந்தாலும் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஹகோனேவுக்குள் ஓடும் மலை ரயிலில் அந்தப் பாஸ் செல்லாது. டிக்கெட்டுகளைத் தனித்தனியாகவே வாங்குங்கள், ஊருக்குள் சுற்றக் காசு ஏற்றி வைத்துக்கொள்ளும் சுய்கா அட்டை ஒன்று போதும்.

பெட்டியையும் அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ - கியோட்டோ - ஒசாகா என்று போகும் தொகாய்தோ வழி ஷின்கான்செனில் பெட்டி வைக்கும் இடத்தோடு உள்ள இருக்கையாக முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, பதிவு செய்யாமல் ஏறினால்தான் 1,000 யென்.

ஊர்சுற்றி:
பெட்டி பெட்டி என்று பயமுறுத்துகிறீர்களே, பெட்டியை யார் தூக்கச் சொன்னது? தக்யூபின் என்று பெட்டி அனுப்பும் சேவை இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் மறுநாள் அடுத்த ஊர் ஹோட்டலில் போய் நிற்கும். நான் ஒரு முதுகுப்பையோடுதான் சுற்றினேன், வயதான ஜப்பானியர்களே அப்படித்தான் செய்கிறார்கள்.

நிஷிகசாய்வாசி:
பெட்டி மறுநாள் வரும், சரி. ஹகோனேவில் ஓர் இரவு, தகயாமாவில் ஓர் இரவு என்று ஓடுபவருக்குப் பெட்டி எந்த ஊரில் வந்து சேரும் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு, மூன்று இரவு தங்குகிறவருக்குத்தான் அது உதவும்.

சட்டிப்பானை:
நீங்கள் எல்லாரும் ரயிலிலேயே இருங்கள், நான் குக்கருக்கு வருகிறேன். தம்பி, குக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர்க் குக்கர் 230க்குச் செய்தது, அங்கே சொருகினால் ஐந்தில் ஒரு பங்கு சூடுகூட வராது, அரிசி ஊறத்தான் செய்யும். அதோடு பெரும்பாலான ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள், கெட்டிலோடு சரி. கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றும் நினைக்காதீர்கள், பச்சை இலை, பழம் எதுவாக இருந்தாலும் ஏற்றுமதி நாட்டுத் தாவரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெந்த சோறு சின்ன டப்பாவில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். குழைவாகத்தான் இருக்கும், தொக்குக்கு நன்றாகவே சேரும்.

ஊர்சுற்றி:
அக்கா, ஜப்பான் வரைக்கும் போய்ப் பருப்புப் பொடியா? டோஃபுவும் நூடுல்ஸும் மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புராவும் விளைகிற நாடு அது. சைவம் கிடைக்காது என்பது நம் ஆட்கள் கிளப்பிவிட்ட வதந்தி. கடையில் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று சொன்னால் எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள்.

சட்டிப்பானை:
எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள், அதுதானே பிரச்சினையே! மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிடலாம், அடியில் உள்ள சாற்றை எப்படி எடுப்பது? தாஷி என்று ஒரு சாறு, அவர்கள் சமையலுக்கே அதுதான் அஸ்திவாரம். பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டு இறக்குவார்கள். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்துச் சீவுவது, நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மிசோ சூப்பில் இருக்கும், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கொள்ளும் சாற்றில் இருக்கும், பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றுவதில் இருக்கும், நாட்டோ என்கிற புளித்த சோயா டப்பாவுக்குள் வரும் குட்டிப் பாக்கெட்டில்கூட இருக்கும். தெம்புரா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், பக்கத்தில் இறால் பொரித்த அதே எண்ணெய். உங்களுக்கு அது பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுவீர்கள். 66 வயது அம்மாவிடம் தெரிந்தே மறைத்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஊர்சுற்றி:
மறைக்கச் சொல்லவில்லை. அவரிடமே கேட்டு, அவர் எந்த எல்லைவரை வருவார் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். தாஷிவரை பரவாயில்லை என்று சொல்கிற சைவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மலைக்கோட்டை:
அம்மாவிடம் கேட்டேன். "கருவாட்டுத் தண்ணியா?" என்று ஒரே கேள்வி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்படியானால் அங்கே அவர் சாப்பிட என்னதான் இருக்கிறது?

நிஷிகசாய்வாசி:
பட்டினி கிடக்க மாட்டார், கவலைப்படாதீர்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் டான்டான் என்று ஒரு ராமென் கடை, அதாவது சூப் நூடுல்ஸ் கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காதவர்கள், எள் விழுது போட்டுக் காரமாகத் தருவார்கள், நம் நாக்குக்குப் பிடிக்கும். நான் இருக்கும் நிஷிகசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, இட்லி தோசைக்கே வழி உண்டு. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெறும் உப்பு போட்ட ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை, வாழைப்பழம், எடமாமே என்கிற வேகவைத்த பச்சை சோயா கிடைக்கும். உள்ளே ஊறுகாய்ப் பழம் வைத்த ஓனிகிரி பார்க்கச் சைவமாக இருக்கும், ஆனால் சிலவற்றில் மீன் சாறு சேர்த்திருப்பார்கள், செல்போனில் லேபிளைப் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மீன் சாறுகூட ஆகாது என்பதை ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் "வெஜிடேரியன்" என்றால் ஆளுக்கொரு மாதிரி புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அம்மாவை அழைத்துப்போகிறீர்கள் என்பதால் நான் சொல்ல வந்த இடம் கோயாசான். ஒசாகாவின் நம்பாவிலிருந்து நன்கை ரயில், கடைசியில் ஒரு கேபிள் கார். 816ஆம் ஆண்டு கூகாய் என்ற துறவிக்கு அரசர் கொடுத்த மலை, இன்றும் ஊர் முழுக்க மடங்கள், பலவற்றில் இரவு தங்கலாம். சாப்பாடு ஷோஜின் ர்யோரி, அதாவது துறவிகளின் உணவு. தாஷி கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள், வெங்காயம் பூண்டு கிடையாது. எள் டோஃபு, உறையவைத்துக் காயவைத்த டோஃபு, காட்டுக் கீரை என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். விடியற்காலையில் மந்திர வழிபாடு. சில மடங்களில் தீ வளர்த்து ஹோமமும் செய்வார்கள், அது இந்தியாவிலிருந்து சீனா வழியாக இங்கே வந்ததுதான். உங்கள் அம்மா ஹகோனே வெந்நீர்க் குளத்தைவிட இதைத்தான் ரசிப்பார் என்று பந்தயமே கட்டுவேன்.

ஊர்சுற்றி:
பாருங்கள், ஊரைக் குறைக்கச் சொன்னவரே இப்போது ஒரு ஊர் சேர்க்கிறார்.

நிஷிகசாய்வாசி:
சேர்க்கிறேன், மூன்றை எடுத்துவிட்டு! ஜப்பானில் பார்க்க வேண்டியது பாதி சாதாரணத் தெருவில்தான் இருக்கிறது, அதை ஓடிக்கொண்டே பார்க்க முடியாது. மாலை ஏழு, எட்டு மணிக்கு ஏதாவது ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் சமைத்த உணவுப் பக்கம் நில்லுங்கள். ஊழியர் ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டும் கருவியோடு வருவார், ஒவ்வொரு டப்பாவாக "பாதி விலை" என்று ஒட்டிக்கொண்டே போவார். அவருக்கு இரண்டு அடி பின்னால் பத்துப் பேர் தற்செயலாக நிற்பது போல நின்றுகொண்டிருப்பார்கள், கோட் சூட் போட்ட ஆபீஸ்காரர் உட்பட. ஒட்டி முடித்து அவர் நகரும்வரை யாரும் கை நீட்ட மாட்டார்கள், நகர்ந்த அடுத்த நொடி தட்டு காலி. எனக்கு இது கியோட்டோ கோயில் வரிசையைவிட சுவாரசியம்.

மலைக்கோட்டை:
பழக்கவழக்கம் பற்றிய பேச்சு வந்ததால் கேட்கிறேன். யூடியூப்பில் அதைச் செய்யாதே இதைச் செய்யாதே என்று பட்டியல் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ஊர்சுற்றி:
வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள். என்னை ஒருவர்கூடக் கண்டித்ததில்லை.

நிஷிகசாய்வாசி:
கண்டிக்க மாட்டார்கள் என்பதால்தான் நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுத்த கூட்டத்தைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 2024இல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை போட்டு 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்துவிட்டார்கள். நகரப் பேருந்தில் உள்ளூர்ப் பாட்டிகளுக்கே இடமில்லாமல் போனதால் ஒருநாள் பேருந்துப் பாஸையும் அதே ஆண்டு நிறுத்திவிட்டார்கள். சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த பாஸ்தான் இப்போது இருக்கிறது, ரயிலையே அதிகம் பயன்படுத்துங்கள்.

மனப்பாடம் வேண்டாம், நம் ஆட்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ரயிலில் ஸ்பீக்கர் போட்டு வீடியோ காலில் பேசுவது. அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகள் அழைப்பு வரும், தெரியும், இறங்கிய பிறகு பேசச் சொல்லுங்கள். ராமென் கடையில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வாங்கிப் பங்கு போடுவது. பல கடைகளில் ஆளுக்கொன்று வாங்கியே ஆகவேண்டும், சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், வெளியே வரிசை நிற்கும். கல்லாவில் பணத்தை ஆள் கையில் திணிக்காமல் முன்னால் உள்ள சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டு வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. தெருவில் குப்பைத்தொட்டியே கண்ணில் படாது, 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷவாயுத் தாக்குதல் நடந்தபின் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு கவர் வைத்திருங்கள்.

சட்டிப்பானை:
பொது வெந்நீர்க் குளியலைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். அங்கே துணியே இல்லாமல்தான் இறங்க வேண்டும், ஆண் பெண் தனித்தனி என்றாலும் நம் அம்மாமார்கள் கதவைத் திறந்த வேகத்தில் திரும்பிவிடுவார்கள். தனி அறைக் குளியல் உள்ள விடுதியாகப் பாருங்கள், இல்லையென்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ர்யோகான் என்கிற பாரம்பரிய விடுதியில் இரவுச் சாப்பாட்டில் மீன் இல்லாமல் ஒரு தட்டும் வராது, முன்கூட்டியே எழுதிக் கேட்டாலும் முடியாது என்று சொல்லும் இடங்கள் உண்டு.

மலைக்கோட்டை:
மாற்றிவிட்டேன். டோக்கியோ 4 இரவு, கனசாவா 2, கியோட்டோ 4, கோயாசான் 1. அங்கிருந்து இறங்கிக் கன்சாய் விமான நிலையத்தில் ஏறிவிடுகிறோம், டோக்கியோ திரும்ப வேண்டியதில்லை. ஹகோனே, தகயாமா இல்லை. ஒசாகாவை நம்பாவில் ரயில் மாறும்போது பார்த்துக்கொள்வோம். ஹிரோஷிமாவை விட மனசு வரவில்லை, கியோட்டோவிலிருந்து ஒருநாள் போய்வர முடியுமா?

ரயில்பைத்தியம்:
முடியும். நொசொமியில் ஒன்றே முக்கால் மணிக்குள் போய்விடலாம். காலையில் அமைதி அருங்காட்சியகம், மதியத்துக்கு மேல் மியாஜிமா தீவுக்குப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அன்று கியோட்டோவிலேயே ஓய்வெடுக்கட்டும், நீங்களும் மனைவியும் போய்வாருங்கள், அல்லது மியாஜிமாவை விடுங்கள். இரண்டையும் மூன்று பேரும் என்றால் கால் போய்விடும்.

டோக்கியோவிலிருந்து கனசாவா போகும் ஷின்கான்சென் வழி 2015இல்தான் திறந்தது, 2024 மார்ச்சில் சுருகாவரை நீட்டினார்கள். அதனால் கனசாவாவிலிருந்து கியோட்டோ போகச் சுருகாவில் வண்டி மாற வேண்டும். ஸ்டேஷனுக்குள்ளேயே மேலிருந்து கீழே இறங்கினால் போதும், லிஃப்ட் உண்டு.

ஒரு விஷயம், இந்த வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஃபூஜி மலை பார்க்கும் யோகம் உங்களுக்கு இல்லை. அது தொகாய்தோ வழியில், கியோட்டோ நோக்கிப் போகும்போது வலது பக்கம்.

ஊர்சுற்றி:
ஜப்பான் போய் ஃபூஜி பார்க்காமல் வருவார்கள்! பருப்புப் பொடி சாப்பிட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்துவிட்டு. நல்ல ஆலோசனை கொடுத்தீர்கள் எல்லாரும்.

நிஷிகசாய்வாசி:
ஏப்ரலில் பாதி நாள் ஃபூஜி மேகத்துக்குள்தான் இருக்கும், ஹகோனேவில் ஓர் இரவுக்குக் காசு கட்டியவர்களும் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள். டோக்கியோவில் நான்கு இரவு இருக்கிறதே, வானம் தெளிந்த காலையாகப் பார்த்து ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடிக்குப் போங்கள், இலவசம், தெரிந்தால் தெரியும். மலைக்கோட்டை, கோயாசான் மடத்தை முதலில் பதிவு செய்யுங்கள், மற்ற அறைகளை அப்புறம் பார்க்கலாம். ஏப்ரலில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஊர்சுற்றி:
தெரியவில்லை என்றால் ஹகோனேவுக்கு ஒருநாள் போய்வாருங்கள், இவர்கள் யாரிடமும் கேட்காதீர்கள்.