ஒலிம்பிக் கப்பலின் ஆழம் பார்க்கும் கழி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கின் மாதிரியை 1:200 அளவில் செய்துகொண்டிருக்கிறேன், 1911 ஜூனில் முதல் பயணம் போன தோற்றத்தில். படகுத் தளத்தில் (உயிர்காப்புப் படகுகள் நிற்கும் மேல்தளம்) இருக்கும், கடலின் ஆழம் பார்க்கும் இயந்திரங்களிடம் வந்து வேலை நின்றுவிட்டது.

மின்மோட்டாரில் ஓடும் கெல்வின் (கெல்வின் பிரபு வடிவமைத்த வகை) இயந்திரங்கள் இரண்டு. கப்பல் வேகமாகப் போகும்போதே ஆழம் பார்க்க, பக்கவாட்டில் நீட்டும் கழிகளும் உண்டு. உருளையில் பியானோ கம்பி, நுனியில் குண்டு, கூடவே உட்புறம் சில்வர் குரோமேட் பூசிய கண்ணாடிக் குழாய். கடல்நீர் ஏறிய மட்டும் நிறம் வெளுக்கும். அதை அளவுகோலில் வைத்தால் எத்தனை பாகம் (fathom, ஆறடி) ஆழம் என்று தெரிந்துவிடும். அழகான யோசனை, ஆனால் என் சிக்கல் கம்பியில்தான்.

மாதிரிப் பெட்டியில் வந்த இயந்திரம் வெறும் பிளாஸ்டிக் கட்டி, கழியே இல்லை. பித்தளைக் கம்பியில் நானே கழி செய்தேன். உருளையிலிருந்து நேராக இழுத்தால் கம்பி கைப்பிடிக் கம்பியில் உரசுகிறது. இடையில் ஒரு கப்பி வைத்தால் சரியாகிறது, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டுமே. தளவரைபடத்தில் இயந்திரத்தின் இடம் மட்டும் இருக்கிறது. கட்டுமானத் தளத்துப் புகைப்படங்களைப் பெரிதாக்கினால் படகுகளின் நிழல் மறைக்கிறது. டைட்டானிக் மாதிரிகளையும் பார்த்தேன், ஆளுக்கொரு விதம். கடற்படைக் கப்பல்களில் கழியோடு ஓடும் வண்டி ஒன்று கம்பியை நுனிவரை கொண்டுபோகும்.

ஒலிம்பிக்கிலும் அந்த ஓடும் வண்டிதானா, இல்லை கழி நுனியில் நிலையான கப்பியா?