கட்டுநாயக்காவில் இருந்து நம் தோட்டம் வரை

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணன் போன வாரம் கேட்டிருந்தார்: சித்திரைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு, நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறேன், கண்டி ஹைவே திறந்தாச்சா, பிள்ளைகளை எத்தனை மணித்தியாலம் வேனில் உட்கார வைக்க வேண்டிவரும் என்று. தைப்பொங்கலுக்குப் போய் வந்தவன் என்பதால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு நம் ஊர்ச் சங்கத்திடம் ஒரு காரியமும் கேட்க வேண்டியிருக்கிறது.

அண்ணே, இன்னும் திறக்கவில்லை. நீங்கள் கேட்ட கண்டி ஹைவே, அதாவது மத்திய அதிவேகப் பாதை, துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. நடுத்துண்டில் மட்டும் வாகனம் ஓடுகிறது. மீரிகமவில் இருந்து குருநாகல் பக்கம் சுமார் 40 கிலோமீற்றர், 2022 ஜனவரியில் திறந்தார்கள். கொழும்புப் பக்கத்துத் துண்டு கடவத்தையில் இருந்து மீரிகம வரை, 37 கிலோமீற்றர். அதைச் சீன எக்சிம் வங்கிக் கடனில் 2020-இல் தொடங்கினார்கள். 2022-இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்ததும் வேலை நின்றது. மூன்று வருடம் அப்படியே கிடந்து, 2025 செப்டம்பரில்தான் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மறுபடி தொடக்கி வைத்தார். நமக்கு உதவக்கூடிய கிளை பொத்துஹெரவில் பிரிந்து கலகெதரைக்கு வரவேண்டியது. அது முடிந்தாலும் கலகெதரையோடு சரி. அங்கிருந்து கண்டிக்கு ஏறுவது பழைய மலைப் பாதையில்தான்.

2023-இல் அப்பாவைப் பார்க்கப் போனபோது மீரிகமவுக்குக் கிட்ட வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். வயலுக்கு நடுவே வரிசையாகத் தூண்கள். மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் இருந்து துரு ஒழுகி, கொங்கிரீட்டில் பழுப்புக் கோடாக இறங்கியிருந்தது. அடியில் ஒரு எருமை நிழலுக்குப் படுத்திருந்தது. எனக்கு மனசு கனத்துப்போனது. இந்த முறை அதே பக்கம் லொறிகள் மண் ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். தெற்கு அதிவேகப் பாதை 2011 நவம்பரில் கொட்டாவையில் இருந்து காலிக்கு ஓடத் தொடங்கியது, 2014-இல் மாத்தறை, 2020-இல் மத்தளை என்று நீண்டுகொண்டே போனது. மலைப் பக்கத்துக்கு இத்தனை வருடம் கழித்தும் பாதித் தூரம்தான்.

சரி, போகும் வழி. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து கொழும்புப் பக்கம் இறங்காதீர்கள். மினுவாங்கொடை, திவுலப்பிட்டிய வழியாக மீரிகமவுக்கு வந்து ஹைவேயில் ஏறுங்கள். குருநாகலில் இறங்கி, மாவத்தகம, கலகெதர, கட்டுகஸ்தோட்டை என்று வாருங்கள். அப்புறம் பேராதனை, கம்பளை, புசல்லாவை. கொழும்பு-கண்டி பழைய ரோட்டில் கடுகண்ணாவை ஏற்றமும் இருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் மழையில் அங்கே பாறை சரிந்து, ரோட்டோரக் கடைக்குள் இருந்தவர்கள் பலியானது உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த வாரமே டித்வா புயல். அந்தப் பக்கம் மழை நாளில் பிள்ளைகளோடு போக எனக்கு மனசு வரவில்லை. கம்பளைக்கு மேலே வந்த பிறகும் அவசரம் வேண்டாம். ரம்பொடை வரைக்கும் எத்தனை இடத்தில் மண் சரிந்த தழும்பு என்று எண்ணவே முடியாது. இருட்டுவதற்கு முன் டவுனுக்கு வந்து சேருங்கள்.

ஹைவேயில் அந்த 40 கிலோமீற்றர் அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பின் சீட்டில் பெரியம்மா தூங்கி விழித்து, "அதுக்குள்ள குருநாகலா?" என்று கேட்டார். வழியில் தம்புள்ளைப் பெயர் போட்ட பலகையைப் பார்த்ததும் எனக்கு வேறு நினைப்பு வந்தது. குருநாகலில் இருந்து தம்புள்ளை வரைக்கும் இதே பாதையை நீட்டுவதாகத் திட்டம் இருக்கிறது. நம் பாட்டன் முப்பாட்டன்மார் தோட்ட வேலைக்காக இந்தியாவில் இருந்து மன்னாரில் தோணி இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். கொள்ளைநோயிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர். 200 வருடம் ஆனதை நினைத்து 2023-இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நம் சனங்கள் மறுபடி நடந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு மலையில் ரோடு வெட்டினதிலும் ரயில் பாதை போட்டதிலும் நம் ஆட்களின் கை இருக்கிறது. அப்படிப்பட்ட நம் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, இன்றைக்கும் ஒழுங்கான ரோடு இல்லை. நான் கேட்க வந்த காரியம் அதுதான்.

மெயின் ரோட்டில் இருந்து மேல் டிவிஷனுக்கு 6 கிலோமீற்றர். மறந்திருக்க மாட்டீர்கள். பொங்கலுக்கு வந்த வேன் டிரைவர் ஸ்டோர் சந்தியிலேயே நிறுத்தி, இதற்கு மேல் ஏற மாட்டேன் என்றுவிட்டார். பெட்டிகளைத் திரீவீலில் ஏற்றிவிட்டுப் பெரியம்மாவைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப் போனோம். ஹைவேயில் மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அந்த ஏற்றத்தில் போனது.

என் அப்பாவுக்கு நடந்ததைச் சிலரிடம்தான் சொல்லியிருக்கிறேன். 2024 ஆடி மழையில் ஒரு இரவு அவருக்கு வாய் கோணி, இடது கை விழுந்துவிட்டது. ரோட்டின் மூன்றாம் வளைவில் தண்ணீர் அடியால் போகிற போக்கு அன்று மாலைதான் உடைந்து தண்ணீரோடு போயிருந்தது. மேலே இருந்து வாகனம் இறங்க வழியில்லை. மாமா மகனும் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளும் அவரைக் கதிரையில் உட்கார வைத்து, சேலையால் கட்டி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் டோர்ச் வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அட்டை கடித்து எல்லோர் காலிலும் ரத்தம். வளைவுக்குக் கீழே கொழுந்து லொறி நின்றது, அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு வரவே ஒன்றரை மணித்தியாலம். இன்னும் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னாராம். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கையால் இன்றைக்கும் சோற்றைப் பிசைய முடியாது.

உடைந்த இடத்தில் இப்போது இரண்டு மரத்தைப் போட்டு மேலே மண் கொட்டியிருக்கிறார்கள். டித்வாவில் அதிலும் பாதி போய்விட்டது.

நாம் ஒவ்வொரு தடவையும் இதைப் பேசிவிட்டு, தோட்டத்து ரோடு கம்பெனிக்குச் சொந்தம், பிரதேச சபை கைவைக்க முடியாது என்று விட்டுவிடுகிறோம். ஒரு காலத்தில் அது உண்மை. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. வரியும் வாக்கும் நம்முடையது, கானும் (வடிகால்) விளக்கும் நமக்கில்லை என்ற நிலை. 2018-இல் பாராளுமன்றத்தில் அந்தப் பிரிவைத் திருத்திவிட்டார்கள். இப்போது சபை தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். இதை ஊரில் கேட்டபோது நம் இளவட்டங்கள் பலருக்கே தெரியவில்லை.

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரே கடிதம், சங்கத்தின் பெயரில், 33-ஆம் பிரிவின் திருத்தத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். ஊரில் இருப்பவர்களும் வெளியில் இருக்கும் நாமும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அடுத்தது, கோயில் வாசலில் அலங்கார வளைவு கட்டச் சேர்த்த பணம். அதில் என் பங்கும் இருக்கிறது, தோட்டத்து மாரியம்மன் மீது எனக்கிருக்கும் பக்தி உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தை முதலில் ரோட்டின் மூன்றாம் வளைவில் போக்கைக் கட்டக் கொடுப்போம். அம்மன் தேர் இறங்குவதும் அந்த வளைவு வழியாகத்தான். சம்மதமில்லாதவர்கள் தயங்காமல் எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

ஊரில் நிற்கும்போதே மாமா மகனும் நானும் போய் உடைந்த இடத்தை அளந்தோம். குறுக்கே 18 அடி. இரண்டடி ஹியூம் பைப் (கொங்கிரீட் குழாய்) இரண்டு வரிசை போட்டால் ஆடி மழைத் தண்ணீர் தாங்கும் என்று டவுன் மேசன் சொன்னார். ஆனால் மேல் பக்கத்துக் கானை முதலில் வெட்டிச் சரிசெய்யாமல் பைப் போட்டால் ஒரே மழையில் மண் அடைத்துக்கொள்ளுமாம். கான் வெட்டும் வேலையைத் தாங்களே சிரமதானமாகச் செய்வதாக மேல் டிவிஷன் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பைப்பும் சீமெந்தும் நம் பொறுப்பு. விலை கேட்டு வாங்கியதும் அனுப்புகிறேன்.

அண்ணே, சித்திரையில் நீங்கள் போகும்போது ஒருமுறை அந்த வளைவில் இறங்கிப் பாருங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.