புதுப்பிப்பு: கடைசிப் பாட்டு இரைச்சல், பாதி என் தப்புதான்

போன முறை இரண்டு வினைல் ரெக்கார்டுகளைத் திட்டியிருந்தேன்: பக்கக் கடைசியில் 'ஸ்ஸ்' என்று சிதறும் எலக்ட்ரானிக் மறுவெளியீடு ஒன்று, சரசரக்கும் ஜாஸ் மறுவெளியீடு ஒன்று. இரண்டுமே மோசமான அச்சு என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

எலக்ட்ரானிக் விஷயத்தில் தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பதிவுக்குப் பதிலாக, ஊசியின் கோணத்தைப் பார்க்கச் சொன்னவர்கள் சொன்னதுதான் சரி; கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) கோணலாக இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஊசிக்கடியில் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 21 செ.மீ. வரை குறைகிறது. அதே ஹை-ஹாட் (டிரம்ஸின் 'ஸ்ஸ்' தாளத்தட்டு) ஒலி அங்கே குறைந்த நீளத்தில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும், சின்னக் கோணலையும் பொறுக்காது. டான்ஸ் சிங்கிள்களை 12 அங்குலத்தில், பெரும்பாலும் 45 வேகத்தில் வெட்டுவதன் அருமை இப்போதுதான் உறைத்தது. ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, பேஸ் எனும் தாழ்ந்த ஒலிக்குத் தாராளமான இடம்.

ஜாஸ் ரெக்கார்டு? கழுவியும் பார்த்தேன், மாற்றியும் வாங்கினேன். அதே இடத்தில் அதே சரசரப்பு. பள்ளத்தில் வினைல் முழுதாக நிரம்பாத குறை அது, ஊசியால் தீராது. பணம் திரும்ப வந்துவிட்டது.

அப்புறம், மறுவெளியீட்டைவிட 'பழசுதான் ஒசத்தி' என்றவர்களுக்கு: ஓட்டப் பகுதியில் (பாட்டு முடிந்தபின் லேபிளை ஒட்டி வரும் வெற்றிடத்தில்) 'வான் கெல்டர்' முத்திரை இருந்தால் அது ஜாஸ் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய மாஸ்டரிலிருந்து (அச்சடிக்க மூலமான தட்டு) வந்தது என்றுதான் அர்த்தம். முந்தைய உரிமையாளர் மழுங்கிய ஊசியால் தேய்க்கவில்லை என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.