சூப்பர்சார்ஜர் பிக்கப்பில் இன்டர்கூலர் சில்லர்: சோதனை செய்துவிட்டேன், அடிக்க வாருங்கள்

டெக்சாஸ்மச்சான்

சில்லர் போட்டாச்சு. தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு முன்கதை. என் வண்டி 2022 ராம் டிஆர்எக்ஸ். 6.2 லிட்டர் வி8, அதன் மேல் 2.4 லிட்டர் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்பு), 702 குதிரைத்திறன். காற்றை அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டை இன்டர்கூலருக்குள் ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு போய், முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டரில் இறக்கிவிட்டு வரும். சில்லர் என்பது அதே கூலன்டை வண்டியின் ஏசி கேஸை வைத்துக் குளிர வைக்கும் கையடக்கப் பெட்டி. டாட்ஜ் 2018 டீமன் காரில் இதைக் கம்பெனியிலேயே போட்டு விற்றார்கள். டிஆர்எக்ஸில் கிடையாது, அதனால் வெளிச்சந்தை கிட் வாங்கினேன். கிட், ஆள்கூலி, கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு செட் நல்ல டயர் விலை ஆகிவிட்டது.

ஹூஸ்டன், வெளியே 35 டிகிரி. (லாக், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு, எல்லாம் பாரன்ஹீட்டில் இருக்கிறது, செல்சியஸுக்கு மாற்றிப் போடுகிறேன்.) சில்லர் இல்லாமல் கூலன்ட் 45. கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டம் முடியும்போது உள்ளே போகும் காற்று 62. சில்லரோடு கூலன்ட் 31, காற்று 50. நேரம் 12.9 விநாடியிலிருந்து 12.8. முடிவுக்கோட்டில் வேகம் மணிக்கு 106 மைலிலிருந்து 107.

வேலை செய்கிறது என்பது என் கட்சி.

டைனோதாத்தா

தம்பி, 0.1 விநாடியை உன் வலது கால்கூடக் கொடுக்கும். வண்டி கிட்டத்தட்ட மூன்று டன். கிளம்பும்போது டயர் கொஞ்சம் வழுக்கினால் அதைவிட அதிகமாகப் போய்விடும். நேரத்தைப் பார்க்காதே, முடிவுக்கோட்டு வேகத்தைப் பார். எஞ்சின் என்ன கொடுத்தது என்பது அதில்தான் தெரியும். அதிலும் ஒரு மைல் வித்தியாசம் எதிர்க்காற்றுக்குள் அடங்கிவிடும்.

டெட்ராய்ட் பக்கம் இருபது வருடம் டைனோ, அதாவது எஞ்சின் திறனை அளக்கும் இயந்திரம், ஓட்டியவன் நான். "சில்லர் போட்டேன், முப்பது குதிரை ஏறியது" என்று வந்தவர்களில் பாதிப் பேர் காலையில் ஒன்று, மதியம் ஒன்று ஓட்டிப் பார்த்தவர்கள். எனவே மூன்று கேள்வி. இரண்டும் ஒரே நாளா? சில்லர் போட்டு ஓட்டிய பிறகு மறுபடி அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாயா? நீ சொல்லும் எண் எத்தனையாவது ஓட்டத்தில் வந்தது?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

டெக்சாஸ்மச்சான்

ஒரே மாலை. அணைத்து ஒன்று, போட்டு ஒன்று, மறுபடி அணைத்து ஒன்று. சில்லருக்குப் போகும் கேஸை அடைக்க ஒரு மின் வால்வு இருக்கிறது, அதனால் சுலபம். ஒவ்வொன்றுக்கும் இடையே இருபது நிமிடம் ஆறவிட்டேன். ஆக எல்லாமே முதல் ஓட்டம் மாதிரிதான்.

டைனோதாத்தா

இருபது நிமிடம் ஆறவிட்டால் என் மாமியார் கோபம்கூட ஆறிவிடும். அடுத்தடுத்து நான்கு ஓட்டம் ஓட்டிவிட்டு வா.

துபாய்குளிர்

நான் ஏசி பொறியாளர், கார் எஞ்சின் என் துறை இல்லை. ஆனால் வெப்பக் கணக்கு எங்கேயும் ஒன்றுதான். தோராயமாகப் போட்டுப் பார்த்தேன்.

702 குதிரைக்கு எஞ்சின் விநாடிக்கு அரைக் கிலோ காற்றுக்கு மேல் குடிக்கும். சூப்பர்சார்ஜரிலிருந்து வெளிவரும் காற்றை 80 டிகிரி இறக்க வேண்டுமென்றால் இன்டர்கூலர் 40 கிலோவாட் வெப்பத்தை வாங்க வேண்டும். வண்டி ஏசி முழு மூச்சில் ஓடினாலும் ஐந்து, ஆறு கிலோவாட். அதிலும் கேபினுக்குப் பங்கு உண்டு. தவிர, பெரும்பாலான வண்டிகளில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் கம்ப்ரசர் தானாகவே விலகிவிடும், எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று. அதாவது பந்தயம் ஓடும் அந்தப் பன்னிரண்டு விநாடியில் சில்லர் தூங்குகிறது.

அப்படியானால் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? முன்கூட்டியே சேர்த்து வைத்த கூலன்டிலிருந்து. இது சேமிப்புக் கணக்கு, சம்பளம் இல்லை. பாதி தண்ணீர், பாதி கிளைக்கால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்த 10 லிட்டரை 30 டிகிரி இறக்கி வைத்தால் சேமிப்பு சுமார் 1,100 கிலோஜூல். 40 கிலோவாட்டில் செலவழித்தால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. உங்கள் கூலன்ட் ஏன் 31-லேயே நின்றுவிட்டது? நான் 10, 15 என்று எதிர்பார்த்தேன். முன் ரேடியேட்டர் வழியாகவும் கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கிறதா?

டெக்சாஸ்மச்சான்

ஆமாம், சில்லரும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கிட்டோடு வந்த படத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கம்ப்ரசர் விஷயத்தையும் பார்த்தேன். முழுதாக மிதித்ததும் ஏசி "ஆஃப்" என்றுதான் லாக்கில் இருக்கிறது.

துபாய்குளிர்

அதுதான் கோளாறு. வெளிக்காற்று 35. கூலன்ட் 35-க்குக் கீழே போன அடுத்த நொடியிலிருந்து அந்த ரேடியேட்டர் குளிர வைக்காது, சூடேற்றும். ஒரு பக்கம் காசு கொடுத்துக் குளிர வைக்கிறீர்கள், மறுபக்கம் ஹூஸ்டன் வெயிலுக்குத் தானம் செய்கிறீர்கள். கூலன்ட் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்று வழி வையுங்கள்.

இழுவைஇளங்கோ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கொலராடோ. டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் வரை டிரெய்லர் இழுப்பவன். 7 சதவீத ஏற்றம், உச்சி 3,400 மீட்டர். கோடையில் ஏறும்போது காற்று வெப்பம் எகிறுகிறது. இந்தச் சில்லர் எனக்கு உதவுமா?

டைனோதாத்தா

உதவாது. உன் ஏற்றம் நிமிடக் கணக்கு, இதன் சேமிப்பு விநாடிக் கணக்கு. போதாததற்கு ஏசி உறிஞ்சும் வெப்பம் எங்கே போகும்? ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சருக்கு (ஏசி வெப்பத்தை வெளியே விடும் பகுதி). அங்கே சூடான காற்றுதான் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. ஏற்கெனவே திணறும் வண்டியின் முகத்தில் அடுப்பை வைத்த மாதிரி. அந்தப் பணத்துக்குப் பெரிய முன் ரேடியேட்டரும் நல்ல பம்பும் போடு.

இழுவைஇளங்கோ

நன்றி ஐயா. பர்ஸ் தப்பித்தது.

டெக்சாஸ்மச்சான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடுவில் ஒரு கூத்து. கிட் போட்ட கடையில் ஓ-ரிங்கை (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) ஒழுங்காக உட்கார வைக்கவில்லை போல, கேஸ் மெதுவாக ஒழுகிக் கேபின் ஏசியே போய்விட்டது. ஆகஸ்ட் மாதம், ஹூஸ்டன், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இது பழைய 134ஏ கேஸ் இல்லை, 1234ஒய்எஃப். விலையும் அதிகம். கூலிக்கு வேலை செய்கிறவரிடம் அரசாங்கச் சான்றிதழ் இருக்க வேண்டும். எனவே கண்டவரிடம் கொடுக்காதீர்கள்.

சரி, சோதனைக்கு வருகிறேன். மாற்று வழிக்குக் கையால் திருப்பும் வால்வு ஒன்று போட்டேன். கூலன்ட் பாதையிலிருந்து முன் ரேடியேட்டரை விலக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே எட்டு நிமிடம் ஓடவிட்டதில் கூலன்ட் 12 டிகிரி. குழாய்கள் வியர்த்துக் கொட்டின. தாத்தா கேட்டபடி, இடைவெளி விடாமல், திரும்பி வந்து வரிசையில் நிற்கும் நேரம் மட்டும் எடுத்து நான்கு ஓட்டம்.

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கூலன்ட், சில்லரோடு: 23, 35, 46, 56. சில்லர் இல்லாமல், முன் ரேடியேட்டரோடு: 47, 49, 50, 51.

முதல் ஓட்டத்தில் உள்ளே போன காற்று வெறும் 34 டிகிரி, முடிவுக்கோட்டில் 109 மைல். சில்லர் இல்லாதபோது அதே மாலை 106. மூன்று மைல், தாத்தா. இதை எந்த எதிர்க்காற்று தந்தது என்று சொல்லுங்கள்.

நான்காவது ஓட்டத்தில் சில்லர் போட்டதுதான் மோசம். அதையும் மறைக்கவில்லை.

டைனோதாத்தா

இதுதான் சோதனை. மூன்று மைலை ஒப்புக்கொள்கிறேன். நாலாவது எண்ணையும் போட்டாய் பார், அதற்காகவே ஒப்புக்கொள்கிறேன். விற்கிறவன் ஒருவனும் அந்த எண்ணைப் போட மாட்டான்.

ஆனால் "வேலை செய்கிறது" என்ற உன் வாக்கியத்தை மாற்றி எழுது. "எட்டு நிமிடம் நின்றால் இரண்டு ஓட்டத்துக்கு வேலை செய்கிறது" என்று எழுது.

டெக்சாஸ்மச்சான்

தெருவில் யார் தாத்தா அடுத்தடுத்து நான்கு முறை முழு மிதி மிதிக்கிறார்கள்? சிக்னலில் நிற்கிறேன், வண்டி சூட்டில் ஊறுகிறது, பச்சை விழுகிறது. எனக்கு வேண்டியது அந்த ஒரு மிதி. இன்னொன்று, சில்லர் இல்லாத மூன்றாவது ஓட்டத்தில் கம்ப்யூட்டர் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) மூன்று டிகிரி பின்னுக்கு இழுத்திருக்கிறது, சூட்டில் பெட்ரோல் தானாக வெடித்துவிடக் கூடாது என்று. சில்லரோடு முதல் இரண்டு ஓட்டத்தில் பூஜ்யம். நான் போடுவது 93 ஆக்டேன் பெட்ரோல்; எண் கூடக்கூட அப்படித் தானாக வெடிப்பது குறையும். கலிபோர்னியாவில் 91-தான் கிடைக்கும், அங்கே இன்னும் அதிகமாகவே இழுக்கும்.

ஒரு சந்தேகம். குளிர்ந்த ஓட்டத்தில் பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம், ஒன்றரை பிஎஸ்ஐ (அழுத்த அலகு) குறைந்துவிட்டது. எங்காவது கசிவா? வயிற்றில் புளி கரைகிறது.

டைனோதாத்தா

கசிவு இல்லை, பயப்படாதே. இந்த வகை சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கொள்ளளவு காற்று என்று அளந்து தள்ளும் பம்பு. உள்ளே வாங்கும் காற்று மாறாதவரை, தள்ளும் எடையும் ஏறக்குறைய மாறாது. தள்ளிய பிறகு அதைக் குளிர வைத்தால் அதே எடை சுருங்கி உட்காரும், அழுத்தம் இறங்கும். மீட்டர் அதைத்தான் காட்டுகிறது.

"காற்று பத்து சதவீதம் அடர்ந்தது, பவர் பத்து சதவீதம் ஏறும்" என்று விளம்பரத்தில் வருகிற கணக்கு இங்கேதான் பொய்யாகிறது. காற்றின் எடை அந்த அளவுக்கு ஏறவில்லை. உனக்குக் கிடைத்த லாபம் இரண்டு இடத்தில்: டைமிங் பின்வாங்கவில்லை, சூப்பர்சார்ஜரைச் சுற்ற எஞ்சின் கொடுக்கும் கப்பம் கொஞ்சம் குறைந்தது. ஆக, கம்ப்யூட்டர் டைமிங்கை இழுக்காத குளிர்ந்த நாளில் இந்தச் சில்லரால் உனக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. ஜனவரியில் ஓட்டிப் பார், தெரியும்.

துபாய்குளிர்

தாத்தா சொன்னது சரி. குழாய் வியர்த்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹூஸ்டன் மாதிரி கடலோர ஈரத்தில் வெளியே மட்டும் வியர்க்காது, இன்டர்கூலருக்கு உள்ளேயும் நீர் சேரலாம். அழுத்தப்பட்ட காற்றில் ஈரம் இன்னும் சீக்கிரம் துளியாகும். 12 டிகிரிக்கும் கீழே கொண்டுபோக ஆசைப்படாதீர்கள்.

கேபின் ஏசி எப்படி இருக்கிறது?

டெக்சாஸ்மச்சான்

நின்ற இடத்தில் சில்லர் ஓடும்போது வென்ட்டில் வருவது குளிர்காற்று இல்லை, சும்மா காற்று. ஓடும்போது பரவாயில்லை. குடும்பத்தோடு போகும்போது அணைத்து வைக்கிறேன். வேறு வழியில்லை.

டைனோதாத்தா

இப்போது என் கடைசி அம்பு. ஐஸ். பத்து பவுண்ட் மூட்டை, நாலரைக் கிலோ. ஒரு கிலோ ஐஸ் உருகவே 334 கிலோஜூல் வாங்கும். மூட்டைக்கு 1,500. துபாய்க்காரர் உன் சில்லருக்குப் போட்ட 1,100-ஐவிட அதிகம், அதுவும் பெட்ரோல் பங்கில் சில டாலருக்கு. டிராக் ஓட்டுகிறவர்கள் வெகுகாலமாக டேங்கில் ஐஸைக் கொட்டித்தான் ஓட்டுகிறார்கள். கேஸும் ஒழுகாது, ஓ-ரிங்கும் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை.

டெக்சாஸ்மச்சான்

வேலைக்குப் போகும்போது ஐஸ் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டா போவது? ஐஸ் கரைந்தால் கிளைக்கால் கலவையும் நீர்த்துப்போகும். ஐஸ் ஒருமுறைதான். என்னுடையது அடுத்த எட்டு நிமிடத்தில் மறுபடி தயார்.

ஆனால் அந்த 56 டிகிரி எனக்கும் உறுத்துகிறது. கையால் திருப்பும் வால்வை எடுத்துவிட்டு மின் வால்வு போடப் போகிறேன். கூலன்ட் வெளிக்காற்றைவிடக் குளிராக இருக்கும்வரை ரேடியேட்டரைச் சுற்றிப் போகட்டும், சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குள் திரும்பட்டும். அப்படிச் செய்தால் நான்காவது ஓட்டம் சில்லர் இல்லாததற்குச் சமமாகவாவது வர வேண்டும்.

டைனோதாத்தா

வரும். போட்டுவிட்டு லாக்கை முழுசாக ஏற்று, வெட்டாமல். அதே மாலை ஐஸோடு ஒரு ஓட்டமும் ஓட்டு.

டெக்சாஸ்மச்சான்

ஐஸ் செலவு உங்களுடையது.